தட்டி வீட்டின் வரலாறு: கோலார் தங்கவயல் தொழிலாளர் குடியிருப்பும் நம் மரபுரிமையும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக முள்ளிப்பட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் நினைவில் பேச வாருங்கள் என்று தோழர்கள் அழைத்தபோது, எதைப் பேசுவது என்று பல நாள் யோசித்தேன். அவருடைய பௌத்தத்தைப் பற்றியும், மொழியாராய்ச்சி பற்றியும், ‘தமிழன்’ இதழ் பற்றியும் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு வீட்டைப் பற்றிப் பேசுவதாக முடிவு செய்தேன். பத்தடி நீளம், பத்தடி அகலம். மூங்கில் தட்டிச் சுவர், மேலே மண் பூச்சு. இரண்டு எட்டு வைத்தால் எதிர்ச்சுவர் வந்துவிடும். பண்டிதரின் கருத்துகளை உயிரோடு வைத்திருந்த இடங்களில் அந்த வீடும் ஒன்று. அது இருந்த இடம் கோலார் தங்கவயல். அதில் இருந்தவர்கள் நம்முடைய வடாற்காட்டு மக்கள்.

இந்த ஊரில் வீடு என்றால் பலருக்கும் தறி நினைவுக்கு வரும். குழித்தறி போட்ட வீட்டுக்கு ஒரு பெருமை இருக்கிறது. ஆரணிப் பட்டு என்று சொன்னால் உலகத்துக்குத் தெரியும். அந்தப் பட்டுக்கு நூல் வந்த திசைகளில் கோலார் பக்கமும் ஒன்று. நூல் அங்கிருந்து இங்கே வந்தது. ஆள் இங்கிருந்து அங்கே போனான். நூல் வந்த கதையை எல்லாரும் சொல்கிறோம். ஆள் போன கதையை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தாத்தா அப்படிப் போனவர். சுரங்கத்துக்குள் மரம் கட்டும் வேலை செய்தார். வெடி வைத்துப் பாறையை உடைத்து எடுத்த பிறகு, மேல்பாறை இறங்கிவிடாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு மரம் அறுத்து, அளந்து, இறுக்கி நிறுத்துவது அவர்கள் வேலை. மரம் முனகினால் வெளியே ஓடு என்பது அந்த வேலையின் முதல் பாடம் என்று சொல்வார். பிற்காலத்தில் மரத்தோடு கருங்கல் அடுக்குச் சுவர்களும் முட்டாக வந்தன. பூமிக்கு அடியில் மலையையே தாங்கி நிறுத்திய அந்தக் கைகளுக்கு மேலே கிடைத்தது தட்டிச் சுவர் வீடு. இந்த முரண்தான் என் பேச்சின் தொடக்கம்.

ஊரிலிருந்து வயலுக்கு

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர் சமஸ்தானத்தையும் பெரும் பஞ்சம் வாட்டியது. வடாற்காடு அதில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. அன்றைய வடாற்காடு பெரியது. 1911 வரை சித்தூரும் அதற்குள்தான் இருந்தது. பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் நிலமில்லாதவர்கள். படியாளாக இருந்தவனுக்குப் படியளக்க ஆண்டையிடமே நெல் இல்லை. உயிர் பிழைத்தவர்களுக்கு ஊரில் மிச்சம் இருந்தது கடனும் அடிமைத்தனமும்தான்.

அந்த நேரத்தில் மேற்கே ஒரு வேலை திறந்தது. கோலார் பகுதியில் பழங்காலத்திலேயே தங்கம் தோண்டிய குழிகள் இருந்தன. நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு வந்த லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய், 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கி அங்கே தங்கம் தேடினார். பிறகு 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வளர்ந்தன. ஆழம் போகப்போக ஆள் தேவைப்பட்டது. இருட்டிலும் வெக்கையிலும் இறங்க உள்ளூர் விவசாயிகள் தயங்கினார்கள். மேஸ்திரிகள் நம் பக்கம் வந்து ஆள் பிடித்தார்கள்.

இருப்புப்பாதை வந்த பிறகு வழி சுலபமானது. ஆரணி ரோடு நிலையத்தில் ஏறி, காட்பாடியில் மாறி, ஜோலார்பேட்டை வழியாக, அன்று பௌரிங்பேட்டை என்றழைக்கப்பட்ட பங்காருபேட்டைக்குப் போக வேண்டும். அங்கிருந்து கிளைப்பாதை, கடைசி நிலையம் மாரிக்குப்பம். என் பாட்டி அந்தப் பெயரை ஊர்ப் பெயராகச் சொல்லமாட்டார். “ரயிலு நிக்கிற எடம்” என்பார். அதற்கு மேல் ரயில் போகாது. ஆண்டையும் அதற்கு மேல் வரமாட்டான்.

போனவர்கள் எல்லாரும் ஆதிதிராவிடர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுரங்கத்துக்குள் இறங்கிய கூலிகளில் பெரும்பான்மை அவர்கள்தான். ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட மைசூர் சமஸ்தானத் தொழிலாளர் வரலாற்று நூலில் இதை விரிவாகப் பார்க்கலாம். 2024இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ திரைப்படமும் வடாற்காட்டு மக்கள் தங்கம் தேடிப் போன கதையைத்தான் எடுத்துக்கொண்டது. படம் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் வீட்டில் வந்து “தாத்தாவும் போனாரா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே அந்தப் படத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வீடு எப்படி இருந்தது

இப்போது வீட்டுக்குள் போவோம். கம்பு நட்டு, பிளந்த மூங்கிலைப் பின்னிய தட்டியைச் சுற்றிலும் கட்டுவார்கள். தட்டி மேல் செம்மண் பூச்சு, அதன் மேல் சாணி மெழுக்கு. ஒரே அறை. அடுப்பும் அதிலேயே, படுக்கையும் அதிலேயே. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுச்சுவர். இப்படி வரிசையாக நின்றவற்றை ‘லைன்’ என்றார்கள். பிறகு தகரக் கூரை வந்தது, சில இடங்களில் செங்கல் சுவரும் வந்தது. அளவு மட்டும் பெரிதாக மாறவில்லை. குழாயும் கழிப்பிடமும் பொது. எலித் தொல்லை தாங்காது. பெங்களூரில் 1898இல் பிளேக் நோய் பரவியபோது, இப்படி நெருக்கமாக வாழ்ந்தவர்களுக்கு அந்த எலி வெறும் தொல்லையாக இருக்கவில்லை, எமனாக இருந்தது.

ஓர் அறையில் ஒரு குடும்பம் என்றும் நினைக்க வேண்டாம். ஊரிலிருந்து புதிதாக வந்த மச்சான், அண்ணன் மகன், ஒரே சேரிக்காரன் என்று யாராவது கூட இருப்பார்கள். சுரங்கம் இரவு பகல் ஓடும் தொழில். ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊதும். ஒருவன் எழுந்து போவான், இன்னொருவன் வந்து அதே பாயில் படுப்பான். பாய் ஆறவே ஆறாது என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார். சொல்லும்போது சிரிப்பார் என்றுதான் நினைவு, எதற்குச் சிரித்தார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

நிலம் கம்பெனியிடம், வேலை கம்பெனியிடம். வேலை போனால் வீடும் போகும். தங்கத் திருட்டைத் தடுக்கத் தனிச் சட்டமும் தனிக் காவலும் இருந்தன. தட்டிச் சுவருக்குத் தாழ்ப்பாள் எவ்வளவு பலம் கொடுக்கும்? சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போது உடம்பைச் சோதித்தார்கள். சந்தேகம் வந்தால் வீட்டையும் சோதித்தார்கள். தன் வீடு என்று தொழிலாளி நினைத்தாலும், அது எந்நேரமும் மற்றவன் நுழையக்கூடிய இடமாகவே இருந்தது.

1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறக்குறைய 148 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆசியாவிலேயே அன்று அது பெரிய சாதனை. அந்த மின்சாரம் வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. அதற்குக் கீழே வாழ்ந்த லைன் வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய்ச் சிம்னி.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த வீட்டைப் பற்றிப் பேச முடியாது. கம்பெனி கொடுத்தது கம்பும் தட்டியும் என்றால், அதை வீடாக்கியது பெண்களின் கை. மழைக்குக் கரைந்த சுவரை மறுபடி பூசுவார்கள். குழாயடியில் வரிசை நின்று தண்ணீர் பிடிப்பார்கள். மூன்று ஷிஃப்டுக்கும் தனித்தனியாக உலை வைப்பார்கள். ஆழத்தில் பாறை வெடிக்கும்போது மேலே தரை அதிரும். அதிர்ந்ததும் லைன் முழுக்கப் பெண்கள் வாசலுக்கு வந்து, சுரங்க வாயின் உயரமான கோபுரச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சக்கரம் சுற்றினால் ஆள் ஏறி வருகிறது என்று பொருள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்திலிருந்து ஆள் ஏறி வரும்வரை அவர்கள் நின்ற வாசல் அது.

அந்த வீட்டுக்குள் நடந்தது

இவ்வளவுதான் என்றால் அது வறுமையின் கதை. வறுமைக்கு வரலாறு எழுத நம்மவர்கள் தேவையில்லை, அரசாங்க அறிக்கையே போதும். நான் சொல்ல வந்தது அந்தப் பத்தடிக்குள் வேறு என்ன நடந்தது என்பதை.

பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் மாதம் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் தொடங்கியது, அடுத்த ஆண்டு ‘தமிழன்’ ஆனது. சங்கத்தின் கிளைகள் பெங்களூரு, திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று பரவின. அவற்றில் மிக உறுதியாக வேர் பிடித்த இடம் மாரிக்குப்பம். இதழுக்குச் சந்தா கட்டியவர்களிலும், பண்டிதருக்குக் கேள்வி எழுதி அனுப்பியவர்களிலும் தங்கவயல்காரர்கள் உண்டு. எட்டு மணிநேரம் பாறை உடைத்துவிட்டு வந்தவன், மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் நிகண்டைப் பற்றிச் சந்தேகம் கேட்டு எழுதினான் என்றால் நினைத்துப் பாருங்கள். எழுத்து தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். தட்டிச் சுவரில் ஒரு நன்மையும் இருந்தது. ஒரு வீட்டில் படித்தால் பக்கத்து நான்கு வீட்டுக்குக் கேட்கும்.

பண்டிதர் 1914 மே 5ஆம் நாள் மறைந்தார். அவர் மகன் பட்டாபிராமன் சில காலம் இதழை நடத்தினார், பிறகு அது நின்றது. நின்ற ‘தமிழன்’ 1926இல் மறுபடி எழுந்தது. எங்கே தெரியுமா? சென்னையில் இல்லை. கோலார் தங்கவயலில், ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில். பண்டிதரின் நூல்களை மறுபடி அச்சிட்டு வெளியிட்டதும் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைதான். இன்று பண்டிதரின் எழுத்துகள் பெருந்தொகுப்புகளாக நம் கையில் இருக்கின்றன, பல்கலைக்கழகங்களில் ஆய்வு நடக்கிறது. இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் அந்தத் தாள்களைக் கரையானுக்கும் மழைக்கும் கொடுக்காமல் காப்பாற்றியவர்களில் தங்கவயல் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நாக்பூரில் 1956 அக்டோபர் 14ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் பௌத்தம் தழுவியதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே, மாரிக்குப்பத்தில் புத்தர் பிறந்தநாள் கொண்டாடிய மக்கள் இவர்கள்.

இன்னொன்று. 1930இல் கம்பெனி ஒரு புதிய பதிவுமுறையைக் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் விரல்ரேகை பதிக்க வேண்டும் என்றது. குற்றவாளிகளிடம் வாங்குவதை எங்களிடம் ஏன் வாங்குகிறாய் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்று அங்கே அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கம் எதுவும் கிடையாது. சங்க அலுவலகம் இல்லை, கொடி இல்லை, மேடை இல்லை. பிறகு இத்தனை பேரை ஒன்றாக நிறுத்தியது எது? லைன்தான். ஒரு வாசலில் பேசியது மறுநாள் காலைக்குள் கடைசி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் பார்த்துக் கம்பெனி நெருக்கிக் கட்டிய வரிசையே அவர்களுக்குச் சங்கமாக இருந்தது.

ஊரில் கைகட்டி நின்றவனின் பேரன் அங்கே கைரேகை வைக்க மாட்டேன் என்றான். ஊருக்கும் அந்த வாசலுக்கும் இடையில் நடந்த மாற்றம்தான் நம் வரலாறு. அந்த மாற்றம் நடந்த இடத்தைத்தான் மரபுச் சின்னம் என்கிறேன்.

பங்களாவும் லைனும்

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசிடம் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்த இடம், ஒரு நாளில் வேலையற்றவர்களின் ஊரானது. இன்றைக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். சயனைடு மண்மேடுகளிலிருந்து காற்றடிக்கும் காலத்தில் தூசு வீட்டுக்குள் வந்து விழுகிறது.

தங்கவயலின் பழமையைப் பற்றி எழுதுகிறவர்கள் எதை எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ‘சின்ன இங்கிலாந்து’ என்று எழுதுவார்கள். துரைமார் பங்களா, கிளப், தேவாலயம், கோல்ஃப் மைதானம். படமும் அவற்றுக்குத்தான். அவற்றைப் பாதுகாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த பங்களாவில் இருந்தவன் பத்தாண்டு இருந்துவிட்டுக் கப்பலேறிப் போனான். லைனில் இருந்தவன் நான்கு தலைமுறையாக அங்கேயே இருக்கிறான். எது அந்த ஊரின் மரபு?

இதை உலகத்தோடு ஒப்பிட்டால்தான் அநியாயம் தெளிவாகத் தெரியும். ஜான் டெய்லர் கம்பெனிக்குப் பெயர் வந்தது எங்கே? இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால், டெவன் பகுதிகளின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில். அங்கே தொழில் கற்ற மேற்பார்வையாளர்கள் கோலாருக்கும் வந்தார்கள். அந்தக் கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பகுதியை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சுரங்க இயந்திரக் கட்டடங்களோடு தொழிலாளர் வீடுகளும் அதில் அடக்கம். டாவிஸ்டாக் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெட்ஃபோர்டு பிரபு தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த சிறிய வீடுகள் இன்று உலக மரபின் ஒரு பகுதி.

அதே கார்ன்வால் தொழிலாளர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற செம்புச் சுரங்க ஊரில், வீடு கிடைக்காத தொழிலாளர் குடும்பங்கள் ஓடைக்கரையைக் குடைந்து பொந்துகளில் வாழ்ந்தன. 1851 வாக்கில் அப்படி ஏறக்குறைய 1,800 பேர் இருந்தார்கள். வெள்ளம் வந்து பெரும்பாலானவற்றை அடித்துப் போனது. மிச்சமிருந்த இரண்டு பொந்துகளை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், பங்களா இல்லை, ஓட்டு வீடும் இல்லை, கரையில் குடைந்த பொந்து. பழைய கட்டடங்களை எப்படி மதிப்பிடுவது என்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் நெறிமுறை ஒன்று 1979இல் அந்த ஊரில்தான் ஏற்கப்பட்டது. அதன் பெயரே பர்ரா சாசனம். ஓர் இடத்தின் மதிப்பு அழகில் மட்டும் இல்லை, வரலாற்றிலும், அறிவுக்குத் தரும் சான்றிலும், மக்கள் அதனோடு கொண்ட உறவிலும் இருக்கிறது என்று அது சொல்கிறது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி ஒரு கட்டடம் குறைந்தது 100 ஆண்டு நின்றிருக்க வேண்டும். கோயிலுக்கும் கோட்டைக்கும் இது சரி. கல்லில் கட்டியவன் 1,000 ஆண்டு நிற்பான். தட்டியில் கட்டியவன் அடுத்த மழைக்கே பூச வேண்டும். கல் வீடு கட்டக்கூடாது, ஓடு போடக்கூடாது என்று சேரிக்கு ஊர்க்கட்டுப்பாடு வைத்த சமூகம் இது. முதலில் நிலைத்த வீடு கட்டவிடாமல் தடுத்தது. பிறகு உன் வீடு நிலைக்கவில்லை, ஆகவே உனக்கு மரபு இல்லை என்கிறது.

காப்பது என்றால் என்ன

இதைப் பேசும்போது நம்மவர்களே ஒரு கேள்வி கேட்பார்கள். தங்கவயலிலேயே ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, அந்த எலிப்பொந்துல நாங்க பட்டது போதாதா? அதை இடிச்சு நல்ல வீடு கட்டிக் கொடுன்னு கேக்கறோம். நீ அதை அப்படியே வையின்னு சொல்றியா?”

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. மனிதர்கள் வாழும் வீட்டை அருங்காட்சியகமாக்கி, அவர்களைக் காட்சிப்பொருளாக்க யாருக்கும் உரிமை இல்லை. குடியிருப்பவர்களுக்கு முதலில் சொந்த உரிமை வேண்டும், தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும், பெரிய வீடு வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. ஆனால் எல்லா லைனும் போன பிறகு, பங்களா மட்டும் மிஞ்சினால், நூறு வருடம் கழித்து வருகிறவன் என்ன நினைப்பான்? தங்கத்தைத் துரைமாரே தோண்டி எடுத்தார்கள் என்றுதான் நினைப்பான். ஆகவே குடியிருப்பவர்கள் நல்ல வீட்டுக்குப் போன பின், அவர்கள் சம்மதத்தோடு, ஒரே ஒரு வரிசையையாவது சுரங்க வாயோடு சேர்த்து நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்.

இது நடக்காத காரியம் இல்லை. இலங்கை மலையகத்தில், கம்பளைப் பக்கம், ஒரு தோட்டத்தின் பழைய லயன் அறைகளையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். நம் தமிழகத்திலிருந்து போன மக்கள் பயன்படுத்திய சட்டி, கூடை, பதிவுத் தாள்கள் அந்த அறைக்குள்ளேயே இருக்கின்றன. தோட்டத்து மக்களின் பிள்ளைகள் அங்கே போய்த் தங்கள் பாட்டியின் அறை அளவை நின்று பார்க்கலாம். நியூயார்க்கில் ஏழைக் குடியேறிகள் வாடகைக்கு இருந்த 1863ஆம் ஆண்டுக் கட்டடம் ஒன்று, 1988இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் இடமாக இருக்கிறது. அம்பேத்கரே மும்பை பரேலில் தொழிலாளர்கள் வாழ்ந்த சாலில் பல ஆண்டுகள் இருந்தவர். லண்டனில் அவர் மாணவராகத் தங்கியிருந்த வீட்டை மகாராஷ்டிர அரசு 2015இல் வாங்கியது, நமக்கெல்லாம் மகிழ்ச்சி. பரேல் சாலின் அறைக்கும் அதே மரியாதை வேண்டும். உலகத்தின் பெரிய நூல்களையெல்லாம் அவர் படித்தது அந்த நெரிசலுக்குள்ளும்தான்.

அவமானத்தை ஏன் காட்ட வேண்டும் என்பதற்கும் ஒரு வார்த்தை. அந்த வீட்டின் அளவு யாருக்கு அவமானம்? அதில் வாழ்ந்தவனுக்கா, டன் கணக்கில் தங்கம் எடுத்துவிட்டு அவனுக்கு அந்த அளவு வீட்டைக் கொடுத்தவனுக்கா? அளவை மறைத்தால் காப்பாற்றப்படுவது அவன் மானம்தான்.

நாம் செய்யக்கூடியது

அரசாங்கம் செய்யட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. அதன் நினைவில் பாதி இங்கே, ஆரணி, போளூர், செய்யாறு, வேலூர், குடியாத்தம் பக்கத்துச் சேரிகளில் இருக்கிறது. அதை நாமே சேர்க்கலாம்.

முதலில், அளவெடுப்போம். தங்கவயலில் இன்னும் நிற்கும் பழைய லைன் வீடுகளில் சிலவற்றை, அங்கே குடியிருப்பவர்களின் அனுமதியோடு, அடி கணக்கில் அளந்து வரைந்து வைப்போம். கட்டடக்கலை படிக்கும் நம் பிள்ளைகள் இப்போது பல கல்லூரிகளில் இருக்கிறார்கள். கோயில் கோபுரத்தை வரையக் கற்றுக்கொண்ட கை பாட்டி வீட்டையும் ஒருமுறை வரையட்டும்.

இரண்டாவது, தாள்களைத் தேடுவோம். வேலைச் சான்று, கூலிச் சீட்டு, பித்தளை வில்லை, ‘தமிழன்’ இதழ், சங்கத்தின் நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் சரி. தகரப் பெட்டியில் கிடப்பதை எடைக்குப் போடாதீர்கள். படமெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம், அசல் உங்களிடமே இருக்கட்டும்.

மூன்றாவது, பாட்டிமார்களிடம் கேட்போம். சுரங்கத்துக்குள் நடந்ததை ஆண்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குள் நடந்ததைப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. சுவர் பூசிய விதம், மூன்று ஷிஃப்டுக்குச் சமைத்தது, அதிர்ச்சி கேட்டு வாசலில் நின்றது எல்லாம் அவர்களோடு போய்விடும்.

நான்காவது, இங்கேயே ஒரு கணக்கெடுப்போம். கோலார் காசில் எழுந்த வீடுகள் நம் சேரிகளில் இருக்கின்றன. என் தாத்தா பல ஆண்டு மரம் கட்டிச் சேர்த்த பணத்தில் ஊரில் வாங்கியது கொஞ்சம் நிலமும் ஒரு தேக்கு நிலைக்கதவும். சேரியில் தேக்கு நிலை வைப்பதா என்று ஊரில் முணுமுணுத்தார்களாம். வைத்தார். சுவர் மூன்று முறை மாறிவிட்டது, மண் போய்ச் செங்கல், செங்கல் போய்ச் சிமெண்டு. நிலை மட்டும் மாறவில்லை. என் தம்பி வீட்டுக்குப் போனால் பார்க்கலாம். வாசலில் குனியாமல் உள்ளே போகலாம், அந்த உயரத்துக்கு வைத்திருக்கிறார். தங்கவயல் லைனில் குனிந்து குனிந்து நுழைந்தவர் அவர்.

தோழர்களே, பண்டிதர் நமக்குச் சொன்ன பெரிய பாடம், நம் பழமையை நாமே தேடி எடுக்க வேண்டும் என்பது. அவர் ஓலைச்சுவடியிலும் நிகண்டிலும் நாட்டுப்புற வழக்கிலும் தேடினார். நாம் சுவரிலும் வாசலிலும் தேடுவோம். வருகிற கோடையில் நம் இளைஞர்கள் பத்துப் பேர் அளவு நாடாவோடு மாரிக்குப்பம் போக முன்வந்தால், வழிச்செலவை நாம் எல்லாருமாகச் சேர்ந்து ஏற்போம். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.



ஜெய்பீம்.